மீசைச் சுற்றறிக்கை: மச்சானுக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி தவிர எல்லாம் நலம். எனக்கு உங்கள் கடிதம் தவிர எல்லாம் நலம். அங்கே அக்காவுக்குச் சர்க்கரையும் உங்களுக்குக் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து தாளின் மறுபக்கம் வரை பதிந்திருந்ததில், எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். உங்கள் மருமகள் பஸ் டெப்போவில் ஆம்பிளைகளுக்கெல்லாம் மீசையை எடுத்துவிட்டாளாமே, அதைக் கேள்விப்பட்டு நீங்கள் பார்த்துவைத்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்களாமே, பெற்ற தகப்பன் நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்திநாலு வருடம் தபால் பிரிவில் உட்கார்ந்து ஊரிலுள்ளவர்களிடமெல்லாம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியவன் நான். எனக்கே ஒன்று வருவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் கேட்டால் கொடுப்பதுதான் முறை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மீசை எடுத்தது மூன்றே பேர். மூன்று பேருக்கும் முகம் முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் மீசையைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆனவன் மறுபடி டெப்போவுக்குள் எப்படிப் போனேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். என் நாற்காலிக்கு வந்தவர் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அவர் எழுந்து நடக்கும்வரை வந்து பார்த்துக்கொடுங்கள் என்று மேலாளர் சொல்லி அனுப்பினார். வீட்டில் நான் சமையலறை டப்பாக்களுக்குப் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் தங்கை சர்க்கரை டப்பாவைத் தேடிக் களைத்துப்போயிருந்தாள். அவளே சட்டைக்கு இஸ்திரி போட்டு எடுத்துக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினாள். என் மேசையில் ஒரு பச்சைத் தட்டு உண்டு. அதில் விழும் தாளில் மேலாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன், வட்ட முத்திரையைக் குத்துவேன், கோந்து அதை எடுத்துப் போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். கோந்து என்பது எங்கள் பியூன். ஐம்பத்தாறு வயது, ஒட்டுவதில் நிபுணர். குத்துகிற நானும் படிப்பதில்லை, ஒட்டுகிற அவரும் படிப்பதில்லை, ஆனால் பலகையில் ஏறிவிட்டால் அது சட்டம். ஒருதடவை ஆண்டு விழாச் சாப்பாட்டுப் பட்டியல் தவறிப்போய்ப் பலகையில் ஏறிவிட்டது. 'எலுமிச்சைச் சாறு ஆளுக்கு ஒரு குவளை' என்று அதில் இருந்ததால், குவளை கைக்கு வராமல் பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று ஒரு டிரைவர் மத்தியானம் வரை நின்றுவிட்டார். அப்படிப்பட்ட இடம்.

இனி பாப்பா விஷயம். முப்பத்தொரு வயதுக்காரியை வீட்டில் இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நாற்பது டன் ஜாக்கியைக் காலால் தள்ளிக்கொண்டு போகிறவளை டெப்போவிலும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்ன செய்ய. இந்த மாசத்தோடு பணிமனை ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர்தான் தகுதி. ஒன்று பாப்பா. இன்னொன்று கொம்பு என்கிற மெக்கானிக்; மீசையின் இரண்டு முனையும் மாட்டுக் கொம்பு மாதிரி மேலே நிற்கும், அதனால் அந்தப் பெயர். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, அன்றைக்கே தேர்வுக் குழு வருகிறது. இதில் என்ன தடை என்று கேட்பீர்கள். தடை, சுற்றறிக்கை எண் பதினாலு. 'இயந்திரப் பிரிவில் பெண் பணியாளர்கள்' என்று தலைப்பு, ஏழு வருடமாகப் பலகையில் இருக்கிறது. எந்த மடையன் எழுதினானோ தெரியாது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, நடை நன்றாக இருக்கும், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பெண்கள் இயல்பிலேயே உணர்ச்சிவசப்படக்கூடியவர்கள் ஆதலால் திறந்த எஞ்சினின் அருகே அவர்களைத் தனியே விடலாகாது, பொறுப்புள்ள ஆண் பணியாளர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. கூந்தல் இயந்திரத்தில் சிக்கும் அபாயம் உள்ளமையால் நீண்ட கூந்தல் உடையோர் கருவி வழங்கும் சன்னலில் அமர்த்தப்படுவர் என்பது இரண்டாவது. பணியிடத்தில் உரக்கப் பேசுதலும் சிரித்தலும் பிறர் கவனத்தைச் சிதறடிக்கும் ஆதலால் தவிர்க்கப்பட வேண்டும் என்பது மூன்றாவது. மேற்பார்வைப் பதவிக்கு விண்ணப்பிக்கும் பெண்கள், வீட்டுப் பணிகள் இதனால் பாதிக்கப்படா என்று கணவர் அல்லது தந்தையிடமிருந்து சான்று பெற்று இணைத்தல் வேண்டும் என்பது நான்காவது.

பாப்பா வேலைக்குச் சேர்ந்த வாரம் இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றதும், உங்கள் தங்கை மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது இரண்டாவது விதியால் வந்தது. இப்போது நான்காவது விதிப்படி அவளுக்குத் தகப்பன் சான்று வேண்டும், அதாவது என்னுடையது. நீங்களோ, பஸ்ஸுக்கு அடியில் படுக்கிற பெண்ணுக்கே ஒரு வரன்தான் வந்திருக்கிறது, பஸ்ஸுக்கு அடியில் படுப்பவர்களுக்கு அதிகாரியாகிவிட்டால் யார் வருவான், சான்றில் கையெழுத்துப் போட்டால் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று போனில் சொல்லிவிட்டீர்கள். நான் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் பத்து நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் மனசு கேட்காமல் சான்றை எழுதி எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், அவள் கையைக்கூட நீட்டவில்லை.

"லெட்டர் வேண்டாம்ப்பா. வெளியில அஞ்சு, இங்க ஏழு, பன்னெண்டு வருஷம் ஸ்பேனர் பிடிச்சிருக்கேன். எனக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கறேன்."

"அது இல்லாம வாங்க மாட்டாங்கம்மா. விதி இருக்கே."

"இருக்கட்டும். அந்த விதியை எழுதினவர் வந்து என்கிட்ட நேர்ல சொல்லட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஆண்டு விழா அதற்கு அடுத்த வாரம் வருவதாக இருந்தது. விழாவில் வருடா வருடம் ஒரு நாடகம் உண்டு. கொம்புதான் பெண் வேஷம் கட்டுவார். மீசையை முந்தானையால் மறைத்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து நடந்து, ஸ்டியரிங்கைப் பார்த்து 'ஐயோ, இது ஏன் வட்டமா இருக்கு' என்று கேட்பார். இருபது வருடமாக அதே வசனம், இருபது வருடமாக அதே சிரிப்பு, மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். இந்த வருடம் பணிமனைப் பெண்கள் ஐந்து பேரும் சேர்ந்து நாங்களும் ஒரு நாடகம் போடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு காட்சி: சுற்றறிக்கை பதினாலை ஒருத்தி சத்தமாக வாசிப்பாள். பெண் என்று வரும் இடத்தில் ஆண். கூந்தல் என்று வரும் இடத்தில் மீசை. கணவர் அல்லது தந்தை என்ற இடத்தில் மனைவி அல்லது தாய். மற்றபடி ஒரு சொல் மாற்றவில்லை. மேலாளர் படித்துவிட்டு, இதிலே சிரிப்பு எங்கே இருக்கிறது, இது ஆண்களை அவமதிப்பது என்று குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் பயிற்சிக்குத் தலைமை அலுவலகம் போய்விட்டார்.

மச்சான், இங்கேதான் விதி விளையாடியது. மேலாளர் வெளியூர் போனால் வேலை நிற்கக் கூடாது என்று எட்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவசர உத்தரவு வந்தால் நான் அதில் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த எட்டையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அச்சு இயந்திரத்தின் தட்டிலேயே வைத்திருந்தேன். பாப்பா தன் நாடகத் தாளை, எழுத்துப்பிழை பாருங்கள் அப்பா என்று பென் டிரைவில் கொடுத்திருந்தாள். அன்று பார்த்து என் கண்ணாடி வீட்டில் மாட்டிக்கொண்டது. திரையில் தெரியவில்லையே, ஒரு பிரதி எடுத்துச் சன்னல் பக்கம் வைத்துப் பார்ப்போம் என்று பொத்தானை அமுக்கினேன். அது போய்க் கையெழுத்துப் போட்ட தாளில் அச்சாகி வெளியே வந்தது. வந்த தாள் பறந்து பச்சைத் தட்டில் விழுந்தது. மின்விசிறியை அன்று கொஞ்சம் வேகமாக வைத்திருந்தேன். தட்டில் தாள் இருந்தால் என் கை என்ன செய்யும், முப்பத்திநாலு வருடப் பழக்கம், குத்திவிட்டது. கோந்து வந்தார், எடுத்தார், போனார். அதே எண், அதே பொருள் என்பதால் பழையதன் மேலேயே நாலு மூலையில் பசை தடவி ஒட்டிவிட்டார். என் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை இந்த இடத்தில் அடிக்கோடிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி ஷிப்ட் பலகை முன்னால் நின்று படித்தது. சண்டை வரும், கிழிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஒன்றும் வரவில்லை. ஏழு வருடமாக அந்த வாசகங்களைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது. வாசகம் பழகியதுதானே, ஆள்தானே மாறியிருக்கிறது. சூப்பர்வைசர் மட்டும் என்னிடம் வந்து, "சார், இது நெஜமாவா?" என்றார். கையெழுத்தும் இருக்கிறது முத்திரையும் இருக்கிறது என்றேன். மேலாளருக்குப் போன் போட்டுப் பார்த்தார். பயிற்சியில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். சரி, உத்தரவு உத்தரவுதான் என்று போய் அமல்படுத்திவிட்டார். மீசைக்காரர்கள் பதினேழு பேர். மூன்று பேர் அன்று மத்தியானமே கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மற்ற பதினாலு பேரும் கருவி வழங்கும் சன்னலுக்குப் போனார்கள். ஒருவர் உட்காரும் இடம் அது. கொம்பு முதல் ஆளாக நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, யார் எந்த ஸ்பேனர் வாங்கினார்கள் என்று பதிவேட்டில் எழுத ஆரம்பித்தார். மிச்சம் பதிமூன்று பேர் பின்னால் நின்று அவர் எழுதுவதைப் பார்த்தார்கள்.

முதல் விதியில்தான் கூத்து. ஆண்களைத் திறந்த எஞ்சின் பக்கம் தனியே விடலாகாது, பொறுப்புள்ள பெண் பணியாளர் உடனிருக்க வேண்டும். இருப்பதோ ஐந்து பெண்கள். "அக்கா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, இந்த நட்டை மட்டும் கழட்டிக்கறேன்" என்று ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சும்மா நின்றால் பரவாயில்லை. ஏழு வருடமாகத் தங்கள் காதில் விழுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "பயமா இருக்கா தம்பி? அழணும்னா அழுதுட்டு அப்புறம் கழட்டு." "பரவால்லையே, ஆம்பளையா இருந்தும் சரியாப் பிடிக்கறியே." "வேலை எல்லாம் நல்லாத்தான் பண்ற, ஆனா கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா என்ன?" "கல்யாணம் ஆயிட்டா வேலையை விட்டுடுவ இல்ல, உனக்கு எதுக்குப்பா இந்தப் பயிற்சி எல்லாம்?" இதை எல்லாம் ஒருத்தி சொல்லும்போதுகூட முகத்தில் சிரிப்பு இல்லை. கேட்டவர்களுக்குத்தான் காது சிவந்தது. ஒரு டயர்காரர் என்னிடம் வந்து, "சார், நான் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கேன் சார், அப்ப நல்லா இருந்துச்சு, இப்ப ஏன் சார் இப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் முத்திரைப் பெட்டிக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது விதிப்படி டீக் கொட்டகையில் சத்தம் அடங்கியது. நாற்பது ஆம்பிளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு மௌனமாக டீ குடித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். பெண்கள் ஐந்து பேரும் பஸ்ஸுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

புதன்கிழமை கொம்பு என் மேசைக்கு வந்தார். ஃபோர்மேன் விண்ணப்பத்தோடு நான்காவது விதிப்படி மனைவி சான்று வைக்க வேண்டுமே. அவர் மனைவி தையல் கடை வைத்திருக்கிறார், அளந்து பேசுகிறவர். அந்த அம்மா எழுதிக் கொடுத்ததை எழுத்து மாறாமல் தருகிறேன்: 'ஐயா, என் கணவர் ஃபோர்மேன் ஆனால் வீட்டு வேலை பாதிக்கப்படாது என்று சான்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கப்பட வேண்டுமானால் முதலில் அவர் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் குளியலறைக் குழாய் பதினோரு வருடமாக ஒழுகுகிறது. நூறு பஸ்ஸைப் பிரித்துப் பூட்டியவர் அந்த ஒரு வாஷரை மாற்றவில்லை. ஆகவே இவர் எந்தப் பதவிக்குப் போனாலும் எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூடக் குறையாது என்று உறுதி கூறுகிறேன்.' கொம்பு தலையைச் சொறிந்துகொண்டு, "சார், இது எனக்கு நல்லதா கெட்டதா?" என்றார். சான்று கேட்டார்கள், சான்று வந்திருக்கிறது என்று சொல்லிக் குத்திக் கொடுத்தேன். அவர் மீசை முனை அன்று முதல்முறையாகக் கீழே பார்த்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வுக் குழு மூன்று பேரும் மேலாளரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். மேலாளர் உள்ளே நுழைந்ததும் கண்டது, மீசைகளெல்லாம் ஒரு சன்னலுக்குப் பின்னால் அடைந்து நிற்பதை. அடுத்துக் கண்டது பலகையை. படித்தார். கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. கையிலிருந்த பையைத் தரையில் போட்டார், மேசையை இரண்டு தடவை குத்தினார், குரல் உடைந்தது, கண் கலங்கிவிட்டது. "எந்த மடையன்யா இதை எழுதினது? ஆம்பளை உணர்ச்சிவசப்படுவானா? எவன்டா சொன்னது? நான் எப்பவாவது உணர்ச்சிவசப்பட்டிருக்கேனா?" என்று கத்தினார். எஞ்சின் ஒன்று திறந்து கிடந்தது அவர் பக்கத்தில். பாப்பா அமைதியாகப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். "ஏம்மா இங்க நிக்கற?" என்றார். "உடனிருக்கணும் சார். முதல் விதி" என்றாள்.

அவருக்கு வந்ததே கோபம், பலகையில் கையை வைத்து இழுத்தார். கோந்து நாலு மூலையில் மட்டும் ஒட்டியிருந்ததால் தாள் முழுசாகக் கையோடு வந்தது. அடியில் பழையது இருந்தது. அதே எண், அதே விதிகள், அதே கையெழுத்து. ஏழு வருடத்தில் கொஞ்சம் மஞ்சள் பூத்திருந்தது. குழுத் தலைவர் ஒரு பெரிய கண்ணாடிக்காரர். மேலாளர் கையிலிருந்ததை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, பலகையில் இருந்ததோடு வரி வரியாக ஒத்துப்பார்த்தார். எங்கள் டெப்போவில் ஒருவர் அந்தப் பலகையை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான்.

"புதுசு எத்தனை நாளா இருக்கு?"

"நாலு நாள் சார்" என்றார் சூப்பர்வைசர்.

"பழசு?"

"ஏழு வருஷம் சார்."

"நாலு நாள் இருந்ததுக்கே இவ்வளவு சத்தம். ஏழு வருஷம் இருந்ததுக்கு ஏன் ஒரு சத்தமும் வரலை?"

பாப்பாதான் சொன்னாள்: "மூணாவது விதி சார். சத்தம் போடக் கூடாது."

குழுவில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். தலைவர் மேலாளரிடம், இரண்டு கையெழுத்தும் உங்களுடையதுதானே என்று கேட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தன்னுடையது இல்லை என்று அவர் சொன்னால் வெற்றுத் தாளில் போட்டுவிட்டுப் போனது வெளியே வரும். தன்னுடையதுதான் என்றால் அந்த மடையன் வேறெங்கும் இல்லை என்று ஆகிவிடும். மென்று விழுங்கி, "ரெண்டையும் ரத்து பண்ணிடறேன் சார்" என்றார். அங்கேயே நின்றுகொண்டு எழுதினார். நான் ஓடிப்போய் முத்திரையை எடுத்து வந்து குத்தினேன். அவ்வளவு பலமாக நான் வேலையில் இருந்த காலத்தில் குத்தியதே இல்லை. சான்று இல்லாத பாப்பாவின் விண்ணப்பம் அந்த நிமிஷமே செல்லுபடியாகிவிட்டது.

செய்முறைத் தேர்வுக்குப் பதினெட்டாம் நம்பர் வண்டியை நிறுத்தினார்கள். நாலைந்து நாளாக ஓடும்போது கடகடவென்று சத்தம். கொம்பு காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கியர் பாக்ஸ், இறக்கித்தான் பார்க்கணும், பத்து நாள் ஆகும் என்றார். பாப்பா எஞ்சினைப் பார்க்கவே இல்லை, டிரைவரைக் கூப்பிட்டாள். "அண்ணே, எந்தப் பக்கம் வளைக்கும்போது சத்தம் வருது?" வலது பக்கம் என்றார். "மேடு ஏறும்போது?" அப்போது இல்லை என்றார். வண்டிக்குள் இடுப்புவரை குனிந்து கையை விட்டு, முப்பத்திரண்டு சைஸ் ஸ்பேனர் ஒன்றை வெளியே எடுத்தாள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. யாரோ உள்ளே மறந்து வைத்துவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். யார் என்று கருவிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். சன்னலில் உட்கார்ந்திருந்த கொம்பு செவ்வாய்க்கிழமை தேதி போட்டுத் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'முப்பத்திரண்டு ஒன்று இருப்பில் இல்லை. கடைசியாக வாங்கியவர்: நான்.' நேர்மையான மனிதர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரே முதலில் சிரித்துவிட்டார். குழுத் தலைவர் பாப்பாவிடம், "ஃபோர்மேன் ஆனா நேரம் காலம் பார்க்க முடியாதும்மா, உங்க வீட்டு வேலை எல்லாம்..." என்று ஆரம்பித்து, பலகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, அந்த வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. அந்தத் தாளை மட்டும் கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் குத்தினேன். ஃபோர்மேன், எங்கள் பாப்பா. டெப்போ மொத்தமும் கைதட்டியது மச்சான். மீசை உள்ளவர்களும் தட்டினார்கள், இல்லாதவர்களும் தட்டினார்கள். உங்கள் தங்கை வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தானே தேடி எடுத்துத் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தாள். ஆண்டு விழாவில் மேலாளர் தாமாகவே வந்து, உங்கள் நாடகத்தைப் போடுங்கள் அம்மா என்றார். பெண்கள், "இனிமே எதுக்கு சார், அதான் போன வாரம் பூரா நடிச்சு முடிச்சாச்சே" என்று சொல்லிவிட்டார்கள். கொம்பும் இந்த வருடம் முந்தானை கட்டவில்லை. ஸ்டியரிங் வட்டமாக இருப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஃபோர்மேனாகப் பாப்பா ஒட்டச் சொன்ன முதல் அறிவிப்பு ஒரே வரி: 'எதையும் ஒட்டுவதற்கு முன் ஒட்டுபவர் முழுதாகப் படிக்க வேண்டும்.' கோந்து அதைப் படிக்காமல் ஒட்டினார். பிறகு கூப்பிட்டுப் படிக்க வைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா நேற்று உங்கள் தங்கைக்குப் போன் செய்தார். அந்த நான்காவது விதியின் நகல் ஒன்று கிடைக்குமா, எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒட்ட வேண்டியிருக்கிறது என்று கேட்டார். அனுப்பியிருக்கிறேன்.

இதுதான் நடந்தது. இதில் என் பங்கு ஒரு கண்ணாடியை மறந்ததும் ஒரு மின்விசிறியைப் போட்டதும்தான். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மருமகளுக்கு உங்கள் கையால் ஆசீர்வாதம் எழுதி ஒரு வரி அனுப்புங்கள், அழுத்தி எழுத வேண்டாம். குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் அன்பிற்கும் அவ்வப்போது தங்கள் கோபத்திற்கும் உரிய,
தங்கை கணவன்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் பாப்பா வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். சுற்றறிக்கை பதினாலின் கோப்புப் பிரதி. கீழ் மூலையில் 'வரைவு' என்று போட்டு ஒரு சுருக்கக் கையெழுத்து. என்னுடையது.

ஆமாம் மச்சான். ஏழு வருடத்துக்கு முன் மேலாளர், பொம்பளைங்க நிறைய வர்றாங்க, ஏதாவது எழுதுங்க என்று ஒரு வரி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மிச்சம் நாலு விதியும் நான் எழுதியது. நல்ல நடை என்று எல்லோரும் பாராட்டினார்கள். எதிர் மேசைப் பெண்ணின் பின்னலைப் பார்த்து இரண்டாவது விதியை எழுதினேன். என் வீட்டில் ஒரு பின்னல் இருப்பது அப்போது ஞாபகம் வரவில்லை. பாப்பா முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும் அதை எடுக்கச் சொல்லி ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாப்பாவின் நாடகத் தாள் அச்சான அந்தத் திங்கட்கிழமை கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. மின்விசிறி ஓடவில்லை. பாப்பா சொல் மாற்றியதில் அலுவலக நடை இடறிய மூன்று இடங்களைத் திருத்தி, கையெழுத்துப் போட்ட தாளில் நானே அடித்து, நானே தட்டில் வைத்தேன்.

எத்தனை நாளாக உனக்குத் தெரியும் என்று அவளைக் கேட்டேன். "சேர்ந்த வாரமே தெரியும். நீங்களே ஒருநாள் எடுப்பீங்கன்னு பார்த்தேன்" என்றாள். பிறகு, "நாடகத்துக்கு வேற யார் எழுதியிருந்தாலும் இவ்வளவு சிரிப்பு வந்திருக்காதுப்பா" என்று சொல்லிச் சிரித்தாள், உரக்கவே. எனக்குத்தான் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. உங்கள் தங்கை வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பாப்பாவின் புது விதிப்படி, ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தேன். மேலே மடையன் என்று மூன்று இடங்களில் வருகிறது. மூன்றும் சரியாகத்தான் இருக்கிறது. ஒட்டிவிட்டேன்.